மடக்குக் கத்திச் சவரம்: சென்னைத் தண்ணீருக்கும் சென்னைக் காற்றுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் சவரக்கத்தி வாங்கியதும் அதைக் கொண்டுபோய்த் தெருமுனை சலூன் பெரியவரிடம் காட்டினேன். திருவல்லிக்கேணியில் பல வருடமாகக் கத்தி பிடித்தவர். விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பைச் சாய்த்துப் பார்த்தார். "நல்ல கத்திதான் தம்பி. வீட்ல என்ன தண்ணி?" என்றார்.

கத்திக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். "போர் தண்ணி" என்றேன்.

"எங்க வைக்கப் போற?"

"பாத்ரூம் அலமாரியில."

கத்தியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப ஆறு மாசம்" என்றார்.

ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாவது வாரம், விளிம்பை ஒட்டி மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள். கத்தி பிடிக்க நான் பழகியிருந்தேன், கத்தியை வைத்திருக்கப் பழகவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைத்தான் படித்திருந்தேன். குழாயைத் திறந்தால் மெல்லிய தண்ணீர் வரும் ஊருக்கு, குளியலறையில் துண்டு தானாகக் காயும் ஊருக்கு எழுதப்பட்ட குறிப்புகள் அவை. சென்னையில் நுரை தண்ணீரால் கெடும், கத்தி காற்றால் கெடும். இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் கை தானாகப் பழகிக்கொள்ளும். அதனால் முகத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முகத்தில் பழுத்த பருக்கள் உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம்; மருத்துவர் சரி என்றால் பார்க்கலாம். கத்தியை யாரோடும் பகிரவே கூடாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில்கூடப் பரவும்.

எந்தக் கத்தி

இன்று சலூன்களில் நாம் பார்ப்பது உண்மையான சவரக்கத்தி அல்ல. பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் செருகி, வாடிக்கையாளர் கிளம்பியதும் தூக்கி எறிகிற பிடி அது. ஷேவெட் என்பார்கள். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது. வாடிக்கையாளருக்கு அதுதான் நல்லது. வீட்டில் தொடங்குகிறவர்கள் "இது மலிவு, இதில் பழகிக்கொண்டு அப்புறம் பெரிய கத்திக்குப் போகலாம்" என்று நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஷேவெட் எடையே இல்லாதது. பிளேடு விறைப்பானது, கூர் அதிகம், கோணம் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. தீட்டி வளர்த்த கத்தியில் எடையும் உண்டு, கொஞ்சம் இரக்கமும் உண்டு.

சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். தொடங்க எட்டில் ஐந்து, அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் போதும். முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை காது மடலுக்கு எதிரி. பக்கங்கள் உட்குழிவாகச் சாணை பிடிக்கப்பட்ட கத்தி, தாடியில் இறங்கும்போது மெல்லிய கரகர ஒலி தரும். அந்த ஒலி பாதி ஆசான். சத்தம் நின்றால் கோணம் மாறிவிட்டது என்று பொருள்.

எஃகு என்று வரும்போது நான் இரண்டாகப் பிரிப்பேன். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் என்று கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் எஃகுக் கத்தியே வாங்குங்கள். கல்லில் தீட்ட நேரம் கூடுதலாகப் பிடிக்கும், போகட்டும். ஜன்னல் கம்பி வருடா வருடம் பெயின்ட் கேட்கிற வீட்டில் கார்பன் எஃகு பிழைக்காது. உள்ளே தள்ளி இருப்பவர்கள் கார்பன் எஃகுக்குப் போகலாம். தீட்டச் சுலபம், கூர் இனிமை.

புதிது என்றால் ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்கள் இன்றும் சவரக்கத்திக்குப் பேர்போனவை. பழையது என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டைச் சொல்லியிருப்பேன். 1985-ல் அது எரிந்துபோனது. இப்போது காயலான் கடைகளிலும், வீடு காலி செய்கிறவர்களின் அட்டைப்பெட்டிகளிலும் எப்போதாவது ஒன்று அகப்படும். பழைய கத்தியில் நான்கு விஷயம் பாருங்கள். விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கக் கூடாது. பிளேடு முழுவதும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடி பழைய செல்லுலாய்டு என்றால் முகர்ந்து பாருங்கள், கற்பூரத்தோடு ஒரு காடி நெடி வந்தால் அந்தப் பிடி சிதைய ஆரம்பித்துவிட்டது, அதிலிருந்து கிளம்பும் அமில ஆவியே எஃகைத் தின்றுவிடும். பிடி யானைத்தந்தம் என்று சொல்லி விலை ஏற்றினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம் நாட்டில் தந்த வணிகம் சட்டப்படி குற்றம். மேலோட்டமான துரு ஒரு பொருட்டல்ல, பித்தளை பாலிஷ் போதும். வாங்கி வந்ததும் சோப்பில் கழுவி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நன்றாகத் துடையுங்கள். வெந்நீரில் கொதிக்க விடாதீர்கள், பிடி கோணிக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கை வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். லண்டனில் கத்தி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட மேலானது என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்திருந்தார். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான்.

தண்ணீர்

சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் தயிராகத் திரிந்து நின்றால் பிரஷ் மட்டம் என்று நினைக்காதீர்கள். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பிசுக்காகிவிடும். குழாய் வாயிலும் வாளி விளிம்பிலும் படிகிற வெள்ளைப் பொருக்கின் சொந்தக்காரன்தான் இது. முகத்தில் வழுக்க வேண்டிய சோப்பு, பிரஷின் அடிமயிரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வைத்தியம் ரொம்பச் சுலபம். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர், 200 மில்லி, எடுத்துச் சூடு செய்துகொள்ளுங்கள். பிரஷ் நனைக்க, நுரை அடிக்க இது மட்டும். முகம் கழுவ, கத்தி அலச எந்தத் தண்ணீரும் ஆகும். மெட்ரோ வாட்டர் வருகிற வீடுகளில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. ஆனால் பல அடுக்குமாடிகளில் மெட்ரோ, போர், லாரி மூன்றும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. இன்று வந்த நுரை நாளை வராது. சந்தேகமிருந்தால் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒன்று நுரைக்கும், ஒன்று கலங்கும்.

பிரஷ் தேர்வு

மூன்று வகை. பன்றி மயிர் விறைப்பானது, மலிவானது. நுனி பிளந்து மென்மையாக 15, 20 சவரம் பிடிக்கும், அதுவரை துடைப்பக்குச்சி மாதிரி குத்தும். பேட்ஜர் என்ற விலங்கின் மயிர் தண்ணீரை அள்ளிப் பிடித்துக்கொள்ளும், முதல் நாளே பட்டு போலிருக்கும், விலையும் அப்படி. மூன்றாவது செயற்கை இழை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வந்த செயற்கை பிரஷ் மீன்வலை மாதிரி இருக்கும், இப்போது வருபவை அருமை. பன்றி மயிர் ஆகாது என்பவர்களுக்கும், உயிரினத்திலிருந்து எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் மட்டுமல்ல, சென்னையில் யார் கேட்டாலும் முதல் பிரஷாக நான் செயற்கையைத்தான் சொல்வேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நான் வைத்திருப்பது பேட்ஜர். அது வேறு கதை, பிடிவாதம்.

பழைய கத்தி வாங்கலாம், பழைய பிரஷ் வாங்காதீர்கள். முதல் உலகப் போர் சமயத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரைமயிர் பிரஷ்களால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆந்த்ராக்ஸ் பரவி ஆட்கள் இறந்தார்கள். அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை.

புது பிரஷ் கொஞ்சம் மிருக வாடை அடிக்கும். ஷாம்பு போட்டு அலசுங்கள், பிறகு சோப்பு நுரை அடித்து அப்படியே ஒரு ராத்திரி விட்டுக் காலையில் கழுவுங்கள். இரண்டு மூன்று முறையில் போய்விடும். முதல் வாரம் நாலைந்து மயிர் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். கொத்தாக வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

தோல்வார்

கத்தி வாங்கியவுடன் முகத்துக்குப் போகாதீர்கள். பெரியவர் எனக்கு மூன்று வாரம் வாரில் (விளிம்பைச் சீராக்கக் கத்தியை இழுக்கிற தோல் பட்டை) மட்டும் இழுக்கச் சொன்னார், அதுவும் கூர் போன ஒரு பழைய கத்தியைக் கொடுத்து. அவமானமாக இருந்தது. இரண்டாவது நாளே அந்த மொட்டைக் கத்தியால் வாரில் ஒரு வெட்டுப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாரைத் திருப்பிக் காட்டினார்: அதில் ஏற்கெனவே ஏழெட்டு வெட்டு, வெவ்வேறு கைகள்.

வாருக்குத் தோல் பெரியமேட்டில் தேடுங்கள். தோல் வியாபாரத்துக்கு அதுதான் இடம். 6 அல்லது 7 சென்டிமீட்டர் அகலம், அரை மீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் கனம், தழும்பு இல்லாத துண்டு. கேட்கும்போது தாவரச் சாற்றில் பதமிட்ட தோல் என்று கேளுங்கள். ஆவாரம் பட்டையில் தோல் பதமிடுவது நம் பக்கத்துப் பழைய கைவேலை. குரோம் பதமிட்ட தோல் (குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்) காலணிக்குச் சரி. வாருக்கு மெத்தென்று இழுபடும். தோலுக்குப் பின்னால் ஒரு கெட்டிக் காடாத்துணிப் பட்டையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். கத்தியின் முதுகும் விளிம்பும் இரண்டும் தோலில் படிய வேண்டும். இனி ஒரே விதி: முதுகு முன்னே போகும், விளிம்பு பின்னால் வரும். முனை வந்ததும் முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், அதன் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்புங்கள். விளிம்பின் மேல் புரட்டினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. அழுத்தவே கூடாது, கத்தியின் எடை போதும். துணியில் 20 முறை, தோலில் 50 முறை. போய் வருவது ஒன்று. முதல் மாதம் வேகம் பார்க்காதீர்கள். சினிமாவில் பட்பட்டென்று அடிக்கிறாரே என்றால், அது சினிமா.

வாருக்கு எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம். உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தாலே போதும், நம் ஊர்க் கைகளில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கார்த்திகை மழையில் தோலில் பச்சையாகப் பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் அப்பளமாகிவிடும்.

முகத்தில்

குளித்த பிறகு சவரம் செய்யுங்கள். சவரம் முடிந்துதான் குளிக்க வேண்டும் என்று பாட்டி சொன்னது தெரியும். அப்படியென்றால் இரண்டு முறை குளியுங்கள், சென்னைக்கு அது அதிகமில்லை. முடி தன் எடையில் முப்பது சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சும். நனைந்து இரண்டு மூன்று நிமிடம் ஆன முடியை வெட்டுவது மிகவும் சுலபம். 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் உள்ளது) எஃகைவிட 50 மடங்கு மென்மையான முடி, பிளேடின் விளிம்பை எப்படிச் சிதைக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விளிம்பு தேய்வதைவிட, முடி வளைந்து மோதும் இடங்களில் நுண்ணிய சில்லுகளாகத் தெறிப்பதுதான் காரணம் என்று கண்டார்கள். முடியை ஊற வைப்பது முகத்துக்கு மட்டுமல்ல, கத்திக்கும் மரியாதை.

கதவைச் சாத்துங்கள். செல்போன் வெளியே. வாஷ்பேசினுக்குள் ஒரு துண்டை விரித்துவிடுங்கள், குழாய் முனையில் கத்தி பட்டால் ஒரு மாத வேலை போச்சு. கை நழுவிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை விலக்குங்கள்.

நுரை அடிப்பது. பன்றி மயிர் பிரஷ் என்றால் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறட்டும், மற்றவை நனைந்தாலே போதும். உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றி, கிண்ணியிலோ முகத்திலோ அடியுங்கள். கேன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். டிகிரி காபி நுரை மாதிரி குமிழி குமிழியாக வந்தால் சோப்பு போதவில்லை. காய்ந்த மாக்கோலம் மாதிரி வெளுத்து நின்றால் தண்ணீர் போதவில்லை. கடைந்த வெண்ணெய் போலப் பளபளத்து, இரு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஓடினால் நுரை காய்ந்துவிடும். நிறுத்தினால் வியர்க்கும், உண்மைதான். அதனால் நான் முகம் முழுவதும் பூசுவதில்லை. பாதி முகம் பூசி, மழித்து, பிறகு அடுத்த பாதி.

பிடிப்பது இப்படி: மூன்று விரல் பிளேடுக்கும் பிடியின் ஆணிக்கும் நடுவிலுள்ள கழுத்து மேல், கட்டைவிரல் அடியில், சுண்டுவிரல் ஆணிக்கு அப்பால் நீளும் வால் மேல். கோணம் சுமார் 30 டிகிரி. கண்ணாடி முன் கோணமானி வைக்க முடியாது. எனவே முதுகின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி, முதுகுக்கும் தோலுக்கும் நடுவே, என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி கூடினால் வெட்டும், குறைந்தால் முடியைப் பிடித்து இழுக்கும்.

தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வியர்வையும் நுரையும் சேர்ந்து விரல் வழுக்கும். அதற்குப் பெரியவர் சொன்ன வழி: இடது கை விரல் நுனிகளில் படிகாரக் கட்டியை ஈரமாகத் தேய்த்துக்கொள்வது. தோல் அசையாது. கத்தி பிடிக்கிற கையில் படிகாரம் படக் கூடாது. எஃகுக்கு அது ஆகாது.

முதல் பத்து நாள் கன்னம் மட்டும். கிருதாவுக்குக் கீழே தொடங்கி, முடி வளரும் பக்கமாகவே, இரண்டு சென்டிமீட்டர் நீளச் சிறு இழுப்புகள். மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். கத்தி போகும் திசை விளிம்புக்குக் குறுக்கேதான். விளிம்பின் நீளவாக்கில் ஒரு நூல் நகர்ந்தாலும் அது தக்காளி நறுக்கும் வேலையாகிவிடும். அடுத்த பத்து நாள் கழுத்து. அங்கே முடி ஆளுக்கு ஒரு திசை. இரண்டு நாள் தாடியைக் கையால் தடவி, எந்தப் பக்கம் தடவினால் முள்ளாகக் குத்தவில்லையோ அதுதான் முடியின் திசை என்று முன்னாடியே பார்த்து வையுங்கள். தொண்டை முடிச்சின் மேல் நேராகப் போகாதீர்கள், தோலைப் பக்கவாட்டில் இழுத்துத் தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழியுங்கள். மேலுதடு, மோவாய் இரண்டும் கடைசி. மேலுதட்டுக்குப் பல்லின் மேல் உதட்டை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், மூக்கு நுனியை விரலால் தூக்குங்கள். மோவாயில் முடியும் தடி, வளைவும் மோசம். அங்கே என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. மெதுவாகப் போங்கள்.

இரண்டாம் முறை நுரை பூசிக் குறுக்கே மழிக்கலாம். சலூனில் 'ரிவர்ஸ்' என்று எதிர்ப்பக்கம் அடிப்பார்களே, அதை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். புழுக்கத்தில் எதிர்ப்பக்கம் மழித்த கழுத்தில் சாயங்காலத்துக்குள் வேர்க்குரு மாதிரி சிவப்புப் பொறி எழும், முடி உள்ளே சுருண்டு வளரும். பெரியவர் என் தோளைத் தட்டிச் சொன்னது இன்றும் கையில் இருக்கிறது: "அமுக்காத தம்பி. கத்திக்குத் தெரியும்."

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், அதன்மேல் படிகாரம், ஒரு நிமிடம் கழித்துக் கழுவல். படிகாரம் எங்கே சுரீர் என்கிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். மறுநாள் அந்த இடத்தில் கை லேசாகட்டும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை பார்க்கிற வீடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தோலுக்கு ஓய்வு கிடைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கத்தியைக் காயவைப்பது

இதை மட்டும் தள்ளிப்போட முடியாது. சட்டை போடுவதற்கு முன், காபி குடிப்பதற்கு முன். அலசிய கத்தியைப் பருத்தித் துணியில் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், விளிம்பிலிருந்து முதுகுக்கு அல்ல. பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே துணியை நுழைத்து இழுங்கள். தண்ணீர் ஒளிந்துகொள்வது அங்கேதான், ஆணி ஓட்டையைச் சுற்றி. வாரின் துணிப் பக்கத்தில் பத்து இழுப்பு. பிறகு மடக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள்.

எண்ணெய்: அந்தக்காலச் சலூன்களில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்திருப்பீர்கள். தினமும் பத்து முகம் மழித்த கத்திக்கு அது சரி. வீட்டில் பல நாள் கிடந்தால் பிசுக்காகிக் காறல் வாடை அடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, விரலில் எடுத்துப் பூசுங்கள், ஆணியிலும் ஒரு சொட்டு. வைக்கும் இடம் படுக்கையறைப் பீரோ, பூட்டோடு. புது ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து அதோடு போடுங்கள். தோல் உறையிலோ பிளாஸ்டிக் உறையிலோ போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஊருக்கு விமானத்தில் போனால் கத்தி செக்-இன் பெட்டியில்தான். கைப்பையில் வைத்தால் மீனம்பாக்கத்திலேயே விடைபெற வேண்டியதுதான்.

கல்

வாரில் இழுத்தும் கத்தி முடியைப் பிடித்து இழுத்தால் கல்லுக்கு நேரம் வந்துவிட்டது. தினம் ஒழுங்காக வாரில் இழுக்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலருக்கு ஆறு மாதம்.

தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வருகிற சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். அருவாமனையையும் கத்தரியையும் அற்புதமாகத் தீட்டுகிற மனிதர் அவர், தப்பு என்னுடையது. சக்கரத்தில் வைத்தவுடன் பொறி பறந்தது, விளிம்பில் நீலம் ஓடியது. நீலம் ஓடினால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கத்தி இன்று என் மேசையில் கடிதம் பிரிக்கிறது.

தட்டையான தண்ணீர்க் கல் (தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல்) வேண்டும். உடைந்த விளிம்பைச் சரிசெய்ய 1000 எண், வழக்கமான தீட்டலுக்கு 4000, 8000, முடிவில் 12000. எண் கூடக் கூடப் பொடி நைசாகும். மங்கல் மட்டுமே என்றால் 8000-ல் இருபது இழுப்பு, 12000-ல் இருபது இழுப்பு போதும். வாருக்கு நேர்மாறாக, கல்லில் விளிம்பு முன்னே போகும். முதுகும் விளிம்பும் இரண்டும் கல்லில் படிந்தே இருக்கட்டும். கோணத்தை அந்த முதுகே பார்த்துக்கொள்ளும். கல் குழிந்திருந்தால் எந்தத் திறமையும் செல்லாது, பென்சிலில் கட்டம் போட்டுத் தட்டைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இந்தத் தண்ணீர்க் கற்கள் பலவற்றில் தேய்க்கிற வேலையைச் செய்வது அலுமினியம் ஆக்சைடு. பூமியில் கிடைக்கும்போது அதன் பெயர் கொரண்டம். நம் 'குருந்தம்' என்ற சொல்தான் கப்பலேறி அப்படி ஆனது.

பிரஷைப் பார்த்துக்கொள்வது

தினமும் செய்ய வேண்டியது மூன்று. நுரை முழுக்கப் போகும்வரை அலசுவது, மயிரைத் திருகாமல் உள்ளங்கையில் மெல்லப் பிழிவது, பலமாக நாலு உதறு உதறுவது. கொதிநீர் கூடாது, மயிரும் வெந்துவிடும், அடியிலுள்ள பசையும் விடும். குடையாணி போல முகத்தில் குத்தித் திருகுவதும் கூடாது. நுனியால் பெயின்ட் அடிக்கிற மாதிரி பூசினால் போதும். நடுமயிர் உடைந்து பிரஷின் மையத்தில் குழி விழுவது இந்தத் திருகலால்தான்.

தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிமிர்த்தி வைக்க வேண்டுமா என்று பெரிய சண்டையே நடக்கும். உதறின பிறகு எப்படி வைத்தாலும் ஒன்றுதான். காற்று வேண்டும், அவ்வளவே. குளியலறைக்கு வெளியே வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஈரத்தோடு பிளாஸ்டிக் குழாயில் அடைத்துக்கொண்டு போனால் திரும்பும்போது ஊறவைத்த பழைய சாதம் மாதிரி வாடை வரும். ஓட்டை போட்ட டப்பா போதும், இல்லாவிட்டால் ஒரு கைக்குட்டை.

மாதம் ஒருமுறை பிசுக்கு எடுக்க வேண்டும், போர் தண்ணீர் வீடு என்றால் இரண்டு முறை. பிசுக்கு சேர்ந்தது எப்படித் தெரியும்? காய்ந்த பிரஷின் அடியை விரித்துப் பார்த்தால் மாவு போல வெள்ளை தெரியும், நுனி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், முன்பு நுரைத்த சோப்பே இப்போது கஞ்சத்தனம் பண்ணும். முதலில் ஷாம்புவில் அலசுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு கேன் தண்ணீர் கலந்து, ஐந்து நிமிடம், மயிர் மட்டும் மூழ்கும்படி வைத்து லேசாகச் சுழற்றுங்கள். பிடி நனைய வேண்டாம். தண்ணீர் கலங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். நன்றாக அலசி, கொஞ்சம் கண்டிஷனர் தடவிக் கழுவி, உதறிக் காயவிடுங்கள். செயற்கை இழைக்குக் கண்டிஷனர் தேவையில்லை.

இனி எந்த வெளிநாட்டுக் குறிப்பிலும் இல்லாத ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் என் பேட்ஜர் பிரஷின் ஒரு பக்கம் படிக்கட்டு படிக்கட்டாகக் குறைந்துகொண்டே வந்தது. பிரஷ் உதிர்கிறது என்று நினைத்தேன், கீழே ஒரு மயிரும் இல்லை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டபோது, பிரஷின் உச்சியில் மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு கரப்பான் உட்கார்ந்திருந்தது. மயிரும் சோப்பும் இரண்டுமே அதற்குச் சாப்பாடு. மூடி போட்டு வைத்தால் பிரஷ் காயாது, திறந்து வைத்தால் விருந்து. இரண்டு வாரம் யோசித்து, சமையலறையிலிருந்து பெரிய டீ வடிகட்டியை எடுத்து வந்து பிரஷின் மேல் கவிழ்த்தேன். காற்று போகிறது, கரப்பான் போவதில்லை. வீட்டில் இன்னும் அந்த வடிகட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.